மொத்தாலேப் வேலி கட்டிய குளங்கள்

நலுவாகாந்தியில் ஒரு பிள்ளையைக் குளத்திலிருந்து தூக்கினால் உடனே எழும் கூச்சல் இதுதான்: "மொத்தாலேப்பைக் கூப்பிடுங்க!"

மொத்தாலேப் ஹவ்லாதார் படகுத்துறையில் நெல்மூட்டை சுமக்கிறவர். ஓடி வருவார். நினைவற்ற பிள்ளையின் கால்களைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றுவார். வாயிலிருந்து தண்ணீர் கொட்டும். அப்படிச் சுற்றினால் உயிர் திரும்பும் என்று வங்கதேசத்தின் பரிசால் மாவட்டத்துச் சனங்கள் நம்பினார்கள். பதினெட்டு வருஷத்தில் ஏழு பிள்ளைகளைச் சுற்றினார். ஒருத்தி பிழைத்தாள். அந்த ஒருத்தியால்தான் அவருக்கு அவ்வளவு பெயர்.

ஒருநாள் சுகாதாரப் பணியாளர் ரெபேக்கா, மூச்சூதிக் காட்ட ஒரு ரப்பர் பொம்மையோடு வந்து, பள்ளிக்கூடத்தில் ஊரைக் கூட்டினாள்.

"சுத்தினா வயித்துத் தண்ணிதான் சாச்சா வரும், மூச்சு வராது. அந்த நேரத்துல வாயில ஊதி, நெஞ்சை அழுத்தணும்."

"அப்போ நான் சுத்தினதுங்க?"

"உங்களுக்குத் தெரியாதே சாச்சா."

அன்று இரவு பிழைக்காத ஆறு பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். அவர்களில் ஒருவன் மினாராவின் மகன் ஷாகில். அவனைத் தூக்கியபோது உடம்பில் இன்னும் சூடு இருந்தது. தோள் கடுக்கும்வரை சுற்றியிருந்தார்.

மறுநாள் மினாரா நெல் அவித்துக்கொண்டிருந்தபோது போய் நின்றார்.

"மினாரா, உன் பிள்ளைக்கு நான் பண்ணினது தப்பு. சுத்தாம ஊதியிருந்தா, ஒருவேளை..."

அவள் அகப்பையை நிறுத்தவில்லை.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? பிள்ளை வச்சிருக்கவங்ககிட்ட சொல்லுங்க."

டீக்கடையில் சொன்னார். "தோள் வலிக்க ஆரம்பிச்சிருச்சா பாய்?" என்று சிரித்தார்கள்.

மழைக்காலத்தில் ஒரு காலை, பத்து மணி இருக்கும். காயெஸின் இரண்டு வயது மகள் துல்துலியைக் குளத்திலிருந்து எடுத்துப் போட்டார்கள். மொத்தாலேப் மண்டியிட்டு வாயோடு வாய் வைத்து ஊதினார். நெஞ்சை அழுத்தினார். மறுபடி ஊதினார்.

"சுத்துங்கன்னா! முத்தமா குடுத்துக்கிட்டு இருக்கீங்க?" காயெஸ் அவர் தோளைப் பிடித்து இழுத்தான். அவர் நகரவில்லை.

அரைமணி நேரம் கழித்து ரெபேக்கா வந்து, நாடி பார்த்து, அவர் கைகளை மெல்ல விலக்கினாள்.

"எவ்வளவு நேரம் தண்ணியில கிடந்தா?"

யாருக்கும் தெரியவில்லை. பிள்ளை அத்தையிடம் இருக்கிறாள் என்று தாய் நினைத்திருந்தாள். தாயிடம் இருக்கிறாள் என்று அத்தை நினைத்திருந்தாள். ரொம்ப நேரம் ஆகிவிட்டது, இனி எது செய்தும் பயனிருந்திருக்காது என்று ரெபேக்கா எடுத்துச் சொன்னாள். காயெஸின் காதில் அது ஏறவில்லை.

"சுத்தியிருந்தா பிழைச்சிருப்பா." அடக்கத் தொழுகை முடிந்த கையோடு ஊரே கேட்கச் சொன்னான். அதன்பின் துறையில் மொத்தாலேப்புக்கு ஸலாம் சொல்லவும் ஆளில்லை.

ஒரு மாலையில் மினாரா அவர் முற்றத்துக்கு வந்தாள்.

"நான் அன்னைக்குப் பேசினதாலதான் ஊதினீங்களா சாச்சா?"

"இல்லம்மா. அதுதான் சரின்னு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்ச பிறகு எப்படிச் சுத்துவேன்?"

"அப்போ பிள்ளைங்க தண்ணிக்கே போகாம தடுங்க. நானும் வரேன்."

தன் தோப்பு மூங்கிலை வெட்டினார். முதல் வேலியைக் காயெஸின் குளத்துக்கே கட்டப் போனார். காயெஸின் மனைவி கதவோரம் நின்று பார்த்தாள்.

"இருந்த ஒண்ணும் போயிருச்சு. இனிமே யாருக்கு வேலி?"

"உன் வயித்துல இருக்கறதுக்குத்தாம்மா."

அவள் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள். நான்காவது கழியை நடும்போது காயெஸ் வந்தான். முகத்தைப் பார்க்காமல் கழியைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னும் ஆழமா இறக்குங்க. மழைக்குச் சாஞ்சிரும்."

இருட்டும்வரை பிடித்துக்கொண்டே நின்றான்.

"என் வாத்தெல்லாம் எப்படிப் போகும்?" என்று அடுத்த குளத்தில் சண்டைக்கு வந்தாள் ஒருத்தி. அவளுக்காக அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டார். அடுத்த நாளே மூன்று பேர் தங்கள் குளத்துக்கும் அதே மாதிரி வேலி கேட்டார்கள். மினாரா தன் வீட்டு முற்றத்தை மூங்கிலால் அடைத்து, தாய்மார் வேலையாக இருக்கும் காலை நேரத்தில் பதினெட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டாள். ஷாகில் வயதுப் பையன்களைத் தூக்கி இடுப்பில் வைக்க முதலில் அவளுக்குக் கை வரவில்லை. பிறகு வந்தது.

அதன்பின் இரண்டு மழைக்காலம் போய்விட்டது. நலுவாகாந்தியில் தண்ணீரில் ஒரு பிள்ளையும் சாகவில்லை. கண்பட்டுவிடும் என்று மொத்தாலேப் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. காலையில் துறைக்குப் போகும் வழியில், திறந்து கிடக்கும் வேலிப் படல்களை எல்லாம் சாத்திக்கொண்டே போகிறார்.