சுண்ணாம்புக்குக் கீழே எங்கள் ஆட்கள்

தமிழ் அகதிகள் தங்கள் குடும்பத்தை டென்மார்க்குக்கு அழைக்கும் மனுக்களெல்லாம் கிடப்பில் போடப்பட்டிருந்த காலம். மனைவியும் கைக்குழந்தையும் மன்னாரில். நான் வைலே நகரத்துக்கு வெளியே ஒரு கிராமத்தில், இறைச்சித் தொழிற்சாலை வேலையில். கத்தோலிக்கப் பூசைக்கு பஸ் பிடித்து நகரத்துக்குப் போகவேண்டும். அறைக்கு எதிரிலோ கருங்கல்லில் எழும்பிய ஒரு பழைய தேவாலயம். பொறுமை எனக்கு என்றைக்கும் கிடையாது. ஒருநாள் வேலை முடிந்து நேரே அதற்குள் போய்விட்டேன்.

மடு மாதா கோயிலில் வெறுங்காலோடு நடந்து பழகிய கால். வாசல் அறையிலேயே சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டேன். தரைக்கல் விறைத்துக் கிடந்தது. கோயிலைப் பராமரிக்கும் அம்மா பதறிப்போய், சப்பாத்து நனைந்துவிட்டதா என்று கேட்டார். அரைகுறை டேனிஷில் எங்கள் வழக்கத்தை விளக்கினேன். அந்தக் காலத்து ஆண்கள் வாளையும் கோடரியையும் அந்த அறையில்தான் வைத்துவிட்டு உள்ளே வருவார்களாம். சப்பாத்தை வைத்த முதல் ஆள் நான்தான் என்று சிரித்தார்.

உள்ளே கூரையிலிருந்து ஒரு சிறிய பாய்க்கப்பல் தொங்கியது. கடலில் பிழைத்து வந்தவர்களின் காணிக்கையாம். மன்னார்க்காரனுக்கு இதை விளக்கவா வேண்டும்? சுவரெல்லாம் வெள்ளை. ஓரிடத்தில் மட்டும் சுண்ணாம்பைச் சுரண்டியிருந்தார்கள். அங்கே பிள்ளையோடு மாதா. நாடு புரட்டஸ்தாந்துக்கு மாறியபிறகு பழைய கத்தோலிக்கச் சித்திரங்களைப் பூசி மூடிவிட்டார்களாம். மூடிய சுண்ணாம்பே அவற்றை இத்தனை நூற்றாண்டு காப்பாற்றியும் வைத்திருக்கிறது. செங்காவியில் நாலைந்து கோடுகள்தான். ஆனால் பிள்ளையைப் பார்க்கும் அந்தப் பார்வை! வரைந்தவனின் கையைப் பிடித்து முத்தமிடலாம் போலிருந்தது.

என் அறையில் இருந்த தம்பிக்கு நான் அங்கே போவது பிடிக்கவில்லை.

"அண்ணை, உது எங்கட கோயில் இல்லை."

"சுண்ணாம்புக்குக் கீழ எங்கட ஆக்கள்தான் இருக்கினம். நீ பேசாம இரு."

அந்த மாதாவிடம் நேர்த்தி வைத்தேன். மகள் வந்து சேர்ந்தால் வெறுங்காலோடு நடத்திக் கூட்டி வருவேன் என்று. பராமரிக்கும் அம்மாவிடமும் சொன்னேன். பிள்ளைக்கு என்ன வயது என்று மட்டும் கேட்டார்.

தடை நீங்கி அவர்கள் வந்து இறங்கியபோது மகள் ஓடித்திரியும் பிள்ளையாகிவிட்டிருந்தாள். என்னை 'மாமா' என்றாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. விடுவேனா? தேவாலயத்துக்குக் கூட்டிப்போய் வாசல் அறையில் அவள் சப்பாத்தைக் கழற்றினேன். அந்த அம்மா ஒரு பையோடு வந்து, கம்பளிக் காலுறைகளை வாங்குப் பலகையில் வரிசையாக வைத்தார். முதல் சோடி என் பெருவிரல் அளவு. அடுத்தது கொஞ்சம் பெரிது. அதற்கடுத்தது இன்னும் பெரிது. பிள்ளையின் கால் இவ்வளவு வளர்ந்திருக்கும் என்று நினைத்து, ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் ஒரு சோடியாகப் பின்னி வைத்திருக்கிறார்.

"நேர்த்தி வெறுங்காலோட எல்லோ..." என்று நான் இழுத்தேன்.

"பிள்ளை விறைக்குது. காலுக்கு அந்தக் கம்பளி மேஸைப் போட்டு விடுங்கோ. மாதாவோட நான் கதைக்கிறன்," என்றாள் மனைவி.

அடக்க முடியாமல் அழுதுவிட்டேன். என் பிள்ளை வளர்ந்ததை நான் பார்க்கவில்லை. மனுக்களை முடக்கியவர்கள் நினைத்தும் பார்க்கவில்லை.

கடைசிச் சோடி மகளின் காலுக்கு அளவாக இருந்தது.