நேசன் அண்ணையின் மணல் பை

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: செய்தி வந்தபோது நான் வேலை நேரத்தில், புல்வெட்டும் வண்டியில் இருந்தபடியே நல்ல நித்திரை. போனில் நேசன் அண்ணையின் பெயர் விழுந்தது. பழக்கத்தில், "ஓம் அண்ணை, வெட்டிக்கொண்டுதான் நிக்கிறன்" என்றேன். மறுபக்கம் அவருடைய மகள். "அங்கிள், அப்பா விடியக் கண்ணை மூடிட்டார்" என்றாள். அவருக்கென்று நான் சொன்ன கடைசிப் பொய்யை அவள் வாங்கிக்கொண்டாள்.

ஹரோவுக்குப் பக்கத்து மேட்டிலுள்ள கோல்ஃப் மைதானத்தில் அவரோடு புல் வெட்டியவன் நான். லண்டனுக்கு வருமுன் அவர் ஜப்பானில், ஒசாகாவுக்கும் கோபேவுக்கும் நடுவே ஒரு மலைச்சரிவு மைதானத்தில் வேலை செய்தவர். "மேலை நிண்டால் ரெண்டு பட்டணமும் தெரியும். நான் பாத்தது புல்லைத்தான்" என்பார். அங்கே வேலையாட்கள் இடுப்பில் சின்ன மணல் பை கட்டியிருப்பார்களாம். பந்தடிக்கையில் மட்டை பெயர்த்த குழியை அந்த இடத்திலேயே மூட வேண்டும். லண்டனிலும் அவர் அந்தப் பையை அவிழ்க்கவில்லை. உங்கள் வீட்டுக் கலியாணத்துக்கும் அதோடுதான் வந்திருப்பார். "அடிச்சவன் போயிடுவான். குழி எங்கடை" என்பார்.

நான் சேர்ந்த புதிதில், மழை ஈரத்தில் அண்ணையின் வண்டியைச் சரிவில் இறக்கி, வழுக்கி, பந்து விழும் குழியைச் சுற்றிய மெத்தென்ற புல்லை உழுதுவிட்டேன். மறுநாள் போட்டி. வேலை போனால் யாழ்ப்பாணத்திலிருந்த மனைவியின் விசாவும் போகும். மனேஜர் கேட்டபோது அண்ணை முந்திக்கொண்டு, தானே ஓட்டியதாகச் சொன்னார். அதற்குத் தண்டனையாக அன்றோடு அவருடைய வண்டி எனக்கு வந்தது. ஓய்வு பெறும்வரை அவர் நோகும் முழங்காலோடு நடந்தே மேடேறினார்.

பகிடி விடாமல் என்னால் இருக்க ஏலாது. "ஜப்பான் மலை ஏறின கால், அண்ணை, இந்த எறும்புப் புற்றுக்கு ஏன் நோகுது?"

"அப்ப எனக்கு இருவத்தைஞ்சு வயசு. பக்கத்திலை நீயும் இல்லை, விசரா."

நன்றி என்று ஒருநாளும் சொல்லவில்லை. சொன்னால் மூடிய குழியைக் கிளறுவதாகிவிடும் என்று இருந்துவிட்டேன். இப்போது அந்த மேட்டைப் பார்த்தாலே களைக்கிறது.

மணல் பையை மகள் என்னிடம் தந்தாள். அவரில் எனக்கு மிச்சம் அதுதான். தகனம் முடிந்து வெளியே வந்தால், ரோசாச்செடிக்குப் பக்கத்துப் புல்லில் யாருடைய சப்பாத்தோ போட்ட குழி. குனிந்து, மணல் போட்டு மூடினேன். அங்கே வேலை செய்யும் வெள்ளைக்காரர் ஓடி வந்து, அனுமதியில்லாமல் சாம்பல் தூவக்கூடாது என்றார். மணல் என்றேன். நம்பாமல், ஆறுதலாக முதுகில் தட்டி, சாம்பல் தூவும் அனுமதிப் படிவம் ஒன்று தந்தார். எனக்கு ஆங்கில எழுத்து அவ்வளவு வராது. பெயர் கேட்ட முதற் கட்டத்தில் என் பெயரை எழுதினேன். அது இறந்தவருக்கான கட்டமாம். அவர் முத்திரை குத்திக் கொண்டுபோய்விட்டார்.

அவர்களுடைய பதிவின்படி நான் ரோசாச்செடிக்குப் பக்கத்தில் தூவப்பட்டிருக்கிறேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போனேன்.