இருட்டினால் உண்ணாத சாமி

போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை. இலஞ்சி வயல்களை முதுகுக்குப் பின்னால் விட்டுக் குற்றாலம் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். சாரல் நனைத்தும் சட்டையிலிருந்து ஆட்டுமயிர் கருகிய வாடை போகவில்லை. வயிறு காலி. அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது நெய்யும் ஏலக்காயும்.

பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஏழாம் வகுப்போடு ஒத்துவராமல் போனபின் ஊர் ஊராக அலைந்தவன் நான். தென்காசியில் மூட்டை தூக்கிய நாட்களில் வெள்ளிக்கிழமை மட்டும் சாப்பாட்டுக் கவலை கிடையாது. இலஞ்சி வயல் நடுவே மருத மரத்தடியில் கல்லாக ஒரு சாமி. சப்பணமிட்டு, கண் மூடி, காது தோள்வரை தொங்க உட்கார்ந்திருக்கும். முனி என்பார்கள். ஆனால் இந்த முனிக்கு ஆடு கோழி ஆகாது, சர்க்கரைப் பொங்கல்தான். அதையும் வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும். அந்நேரம் அங்கே நிற்பவன் எவனானாலும் அவனுக்கும் இலை உண்டு. இருட்டிவிட்டால் ஒரு பருக்கை வாயில் போகக்கூடாது. ஏன் என்று யாருக்கும் தெரியாது.

பொங்கல் வைப்பவள் ஆவுடையக்கா. புருஷன் இல்லை, குரல் ஊருக்கே கேட்கும்.

"ஏலே, கத பேசாத. பொழுது எறங்குது, முழுங்கு."

"சூடா இருக்குக்கா."

"ஒனக்காவ சூரியன கட்டியா போட முடியும்?"

பிறகு கழுகுமலையில் இளநீர் விற்கப் போனேன். பாறை முழுக்க வரிசையாக நம் முனி! அதே சப்பணம், அதே காது. இவர்கள் சமணர்கள் வணங்கியவர்கள், அந்தச் சமணர்கள் எந்த உயிரையும் கொல்ல மாட்டார்கள், இருட்டினால் உண்ண மாட்டார்கள் என்று அங்கே வந்த ஒருவர் சொன்னார். அந்தக் கூட்டம் நம் பக்கத்திலிருந்து எப்போதோ போய்விட்டது. அவர்களுடைய சாப்பாட்டு நேரம் மட்டும் ஆவுடையக்காவின் அடுப்பில் மிச்சமிருந்தது. பெரிய கண்டுபிடிப்பாக அவளிடம் வந்து சொன்னேன்.

"யாரா இருந்தா என்னலே? ஒனக்குப் பசிக்குதுல்லா, உக்காரு."

என் ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.

போன ஆடியில் அந்தப் பொங்கலை நம்பித்தான் மத்தியானம் சாப்பிடாமல் சாயங்காலம் போனேன். சாமிக்குச் சிமென்டில் மீசை வைத்திருந்தார்கள். மூடிய கண்மேல் முழித்த கண் வரைந்து, மடியில் கிடந்த கைகளில் அரிவாளைச் சொருகியிருந்தார்கள். சாமிக்கு எதிரே ஒருவர் வெட்டிய கிடாவை வாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஆவுடையக்கா எங்கன?"

"அவளா? கெடா வெட்டணும்னு பெரிய வீட்ல முடிவு பண்ணுனாவ. இவரு கறி திங்க மாட்டாருன்னு கெடா முன்னால போய் நின்னுட்டா. கையப் புடிச்சு வெளிய விட்டாச்சு. சுரண்டைல பீடி சுத்துதாளாம்."

"பொங்கல்?"

"சைவ முனி எங்கயாவது உண்டா வே? ராத்திரி பன்னெண்டுக்குத்தான் சாமிக்குக் கறி வச்சுப் படப்பு. கோயில் வரி குடுத்த வீட்டுக்குத்தான் கறி. நீரு எந்தூரு?"

எந்த ஊரைச் சொல்வது? பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில், அந்த நேரத்தில், பசியோடு வந்த ஒருவனிடம் ஊர் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். நடந்துவிட்டேன்.

மறுநாள் காலை குற்றாலத்தில் ஒரு பரோட்டாக் கடையில் வெங்காயம் உரிக்கச் சேர்ந்தேன். பொழுது சாய்ந்த பிறகுதான் அங்கே கல் காயும். வேலைக்காரர்களுக்குச் சோறு, கடையைக் கழுவிவிட்ட பிறகு.