பங்காளி அறையின் பூட்டு

போன வருடம், காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வீட்டில் நடந்தது இது. பங்காளிகள் எல்லாருக்கும் பொதுவான பழைய வீடு. ஆளுக்கு ஓர் அறை, அதற்கு அவரவர் பூட்டு. என் பங்கில் உள்ள அறைகளையும் மாடியையும் நானும் மனைவியும் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். மலேசியாவில் இருக்கும் பங்காளி ஒருவர், எனக்கு அண்ணன் முறை. வாடகைக்கு விடச் சம்மதம் கொடுத்தபோதே கறாராகச் சொல்லிவிட்டார்: "என் அறைப் பூட்டுல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. வச்சா அன்னிக்கே எல்லாத்தையும் நிறுத்திருவேன்."

எங்களுக்கு வேறு வருமானம் இல்லை. அதனால் அந்தப் பக்கம் ஒட்டடை அடிக்கக்கூட நான் போனதில்லை.

இணையத்தில் எங்களுக்கு ஆள் பிடித்துத் தரும் நிறுவனம், மின்சாரச் சிக்கனச் சான்றிதழ் இருந்தால்தான் வீட்டைப் பட்டியலில் வைப்போம் என்று புதிதாக ஒரு விதி போட்டது. ஏசி போட்டாலே முகம் சுளிக்கும் என்னிடம் சிக்கனத்துக்குச் சான்றிதழா என்று எரிச்சலாக இருந்தது. மதுரையிலிருந்து ஒரு பெண் பொறியாளர் சோதனைக்கு வந்தார். ஊரில் விடிந்ததிலிருந்தே கரண்ட் இல்லாமல் மதியத்துக்கு மேல்தான் வந்திருந்தது. முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்காக மலேசியாவிலிருந்து வந்திருந்த அண்ணன் அன்று காலையில்தான் விமானம் ஏறக் கிளம்பிப் போயிருந்தார். மாடியில் கைக்குழந்தையோடு ஒரு வடநாட்டுத் தம்பதி தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லிவிட்டு அந்தப் பெண் மீட்டர் முன்னால் நின்றார். அணைத்த பிறகும் அதன் சிவப்பு விளக்கு விடாமல் சிமிட்டியது. "மீட்டர் பழசும்மா" என்றேன். "இல்ல சார், எங்கயோ பெரிய லோடு ஓடுது" என்றார். அறை அறையாகப் பார்த்தோம். கடைசியில், மாடிப்படியை ஒட்டிய அண்ணன் அறை ஒன்றுதான் மிச்சம்.

அதைத் திறக்க முடியாது என்றேன். அவர் போய் மெயினை அணைத்தார். அப்போதுதான் என் மனைவி கதவிடுக்கில் குனிந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். உள்ளிருந்து பிளாஸ்டிக் கருகும் நாற்றம்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி போட்டேன். பொறியாளர் அதற்குள் தூங்குகிறவர்களை எழுப்ப மாடிக்கு ஓடிவிட்டார். கொல்லையிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்தேன், ஆனால் கை எழவில்லை. திறந்து பார்த்து உள்ளே ஒன்றுமில்லை என்றால் அவரிடம் என்ன சொல்வேன்? கதவின் அடியிலிருந்து புகை வர ஆரம்பித்தது.

"அண்ணனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். என்னத்துக்கு நிக்கிறீக? புள்ள மேல இருக்குல்ல" என்று கத்தினாள் மனைவி.

ஓங்கி நெம்பினேன். கொண்டி பெயர்ந்து விழுந்தது. உள்ளே ஒரே புகை. வெந்நீருக்காக வாளியில் போட்ட ஹீட்டர் கம்பி. கரண்ட் இல்லாத நேரத்தில் சுவிட்சைப் போட்டுவிட்டு, மறந்துபோய்ப் பூட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். தண்ணீரெல்லாம் கொதித்து வற்றி, வாளி உருகி, கம்பி சரிந்து மெத்தைச் சுருளில் கிடந்தது. கதவு திறந்து காற்றுப் பட்டதும் மெத்தையில் குப்பென்று தீ எழும்பியது. மேல்தளம் முழுக்கத் தேக்கு மரம். முற்றத்துத் தொட்டியிலிருந்து இருவரும் மாற்றி மாற்றித் தண்ணீரை ஊற்றினோம். அணைந்து முடிந்தபோது தெருவில் அந்தத் தாய் குழந்தையை நெஞ்சோடு சேர்த்தபடி நின்றாள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன் போய்ச் சேர்ந்ததும் நானே கூப்பிட்டேன். "அண்ணே, ஒங்க அறைப் பூட்டை ஒடைச்சுட்டேன்" என்றுதான் முதலில் வாயில் வந்தது. நடந்ததை முழுக்கக் கேட்டார். பிறகு, "அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் இல்லையேப்பா?" என்றார். "புதுப் பூட்டு வாங்கிப் போடு. ஒரு சாவி ஒன்கிட்டயே இருக்கட்டும்."

சான்றிதழும் பிறகு வந்தது. அதைச் சட்டம் போட்டு முன்கூடத்தில் மாட்டியிருக்கிறேன், பக்கத்து ஆணியில் அந்தச் சாவி. வருகிறவர்கள் சான்றிதழைப் பார்க்கிறார்கள். எனக்கோ சாவியைப் பார்க்கும்போதெல்லாம், மாடியில் ஒரு குழந்தை இருப்பது தெரிந்தும் ஒரு பூட்டுக்குப் பயந்து நின்றவன் நான் என்பது இன்றைக்கும் நினைவுக்கு வருகிறது.