காத்திருப்பு என்று நான் எழுதியது

“...அதெல்லாம் சரி, இந்தப் படத்துல நான் எங்க மச்சான் இருக்கேன்?”

சுவரில் ஒட்டியிருந்த தாளில் விரலை ஓட்டியபடி நண்பன் கேட்டான். சிப்காட் தொழிற்பேட்டையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த உரக் கம்பெனியில் அன்று அவனுக்குக் கடைசி நாள். கம்பெனி வேலைகளைப் பெட்டிகளாகக் காட்டும் அந்தப் படத்தை வரைந்தவன் நான்.

சென்னையிலிருந்து வந்த ஆலோசகர் சொல்லியிருந்தார்: உலகத்தில் எந்தக் கம்பெனிக்கும் சரக்கு போகிற வழி ஒன்றுதான். திட்டமிடு, வாங்கு, தயாரி, அனுப்பு, திரும்பப் பெறு. ஒவ்வொருவர் வேலையையும் இதில் ஏதாவது ஒரு தலைப்பின் கீழ் பொருத்த வேண்டும், பொருந்தாதது வீண். பொருத்துகிற பொறுப்பு எனக்கு வந்தது. சிதம்பரத்திலிருந்து வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே மனதுக்குள் பெட்டி பெட்டியாகப் போட்டுப் பார்த்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

அவன் தேவனாம்பட்டினத்துக்காரன், லாரி அனுப்புகிற பிரிவு. தினமும் காலையில் குமராட்சிப் பக்கத்து உரக்கடைகளுக்குப் போன் போடுவான். “வயல்ல தண்ணி வடிஞ்சிச்சாண்ணே?” வடியவில்லை என்றால் லாரியை நிறுத்திவிடுவான். தண்ணீர் நிற்கும் வயலுக்கு யாரும் உரம் வாங்க மாட்டார்கள். ஈரக் கடையில் கிடக்கும் மூட்டை கல்லாகக் கட்டிப்போகும். “ஆழம் தெரியாம காலை உடாதம்பாங்க. நான் லாரிய உடமாட்டேன்” என்பான். அவன் சொன்னதில் பாதியை நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

அவன் காலையில் போடும் போனை மட்டும் படத்தில் எழுதவில்லை. அந்தப் போனுக்கு ஐந்து தலைப்பிலும் இடம் கிடைக்கவில்லை. ஆர்டர் வந்ததற்கும் லாரி கிளம்பியதற்கும் நடுவே ஒரு பெட்டி போட்டு, வீணுக்கு உரிய சிவப்பு மையில் ‘காத்திருப்பு’ என்று எழுதினேன். மேலே இருந்தவர்கள் சிவப்பில் இருந்த வேலைகளை எடுத்தார்கள். சிவப்போடு அவனும் போனான். வயது நாற்பத்தாறு. இனி எந்தக் கம்பெனி கேட் திறக்கும்?

அந்தச் சிவப்புப் பெட்டியை நான் தொட்டுக் காட்டினேன்.

“இதுவா? அடப்பாவி, சும்மா குந்திக்கினு இருந்தவன்னு எழுதிட்டியே!” சிரித்தான். கண் சிரிக்கவில்லை.

பிறகு மேஜையில் உட்கார்ந்து போனை எடுத்தான். “அண்ணே, நாளையிலேர்ந்து கேட்டுக்கினு வராது, லோடு நேரா வந்துரும். தரையில போட்டுடாதீங்க, பலகை மேல அடுக்குங்க.” வைத்துவிட்டு, அடுத்த கடையின் நம்பரை அழுத்தினான்.