கை நனைக்காமல் போனவர்

எங்கள் அப்பா மேலூரை அடுத்த சிற்றூரில் பிறந்தார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, உரக்கடையில் மூட்டை தூக்கினார். பிறகு சொந்தமாக விதைக்கடை வைத்தார். ஒரே தங்கையைக் கட்டிக்கொடுத்தார். கோச்சடையில் வீடு கட்டினார். மகளான என்னை ஒருநாளும் அதட்டியதில்லை.

ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கு மலக்குடலில் புற்றுநோய் கண்டது. கதிர்வீச்சு, அறுவை, மருந்து என ஓராண்டு போனது. நோய் திரும்பவே இல்லை. பதினொரு ஆண்டுகள் கழித்து நின்றது இதயம்தான். ஆனால் ஆசனவாயை மூடி, வயிற்றின் இடப்பக்கம் துளையிட்டு, மலம் சேர ஒரு பை ஒட்டியிருந்தார்கள். அது நிரந்தரம். சாப்பிட்ட சற்று நேரத்தில் அங்கிருந்து சத்தம் வரும். அதனால் அப்பா வெளியே சாப்பிடுவதை விட்டார். உறவினரிடம் அல்சர் ஆபரேஷன் என்று சொல்லச் சொன்னார். சொன்னோம்.

மேலூரில் அத்தை மகன் திருமணம். தாய்மாமன் முறையை எல்லாம் செய்துவிட்டு, பந்திக்கு முன் அப்பா கிளம்பினார்.

“தாய்மாமன் கை நனைக்காமப் போனா ஊரு என்னண்ணே பேசும்?” என்று அத்தை வழிமறித்தார்.

அவசர வேலை இருப்பதாக அப்பா சொன்னார்.

“டவுனுல வீடு கட்டியாச்சுல்ல. எங்க சோறு இனி எறங்காது.”

காரில் ஏறியதும், அத்தையிடமாவது உண்மையைச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

“வேணாந்தாயி. வயித்துல பையக் கட்டிக்கிட்டு அலையுறான்னு சிரிப்பாய்ங்க.”

அதன்பின் அத்தை எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. பொங்கல் சீரையும் திருப்பி அனுப்பினார். ஆறு ஆண்டுகள்.

அப்பாவின் உடலைக் குளிப்பாட்டும்போதுதான் உறவினர்கள் பையைப் பார்த்தார்கள். விஷயம் அறிந்த அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏண்டி, நானா சிரிச்சிருப்பேன்?”

அப்பாவின் பேச்சை மீறி அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். அப்பாவைக் கர்வி என்று நினைத்து ஒதுங்கிய மற்றவர்களும் அறியட்டும் என்றே இதை அச்சில் தருகிறேன்.

பை மாற்றக் கற்றுத்தந்த செவிலியருக்கும், கடையைக் கவனித்துக்கொண்ட நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. உடலைக் குளிப்பாட்டிய அன்று பழைய பையை அகற்றி, இடத்தைத் துடைத்து, என்னிடம் புதுப் பை கேட்டு வாங்கி ஒட்டியவர் அத்தையின் கணவர். அவர் முகம் சுளிக்கவில்லை என்று உடனிருந்தவர்கள் சொன்னார்கள். அப்பா அதைப் பார்த்திருக்க வேண்டும்.