மலைக்கோட்டையைப் பார்த்த கண்

பொத்திய உள்ளங்கைக்குள் இன்னொருவருடைய இமை அடித்துக்கொள்வது தீப்பெட்டிக்குள் அடைத்த பொன்வண்டு போலிருக்கும், கொஞ்சம் சூடாக, கொஞ்சம் ஈரமாக. ஒரு கோடை விடுமுறை முழுக்க அதை என் கையில் வைத்திருந்தேன். அப்போது எனக்குப் பத்து வயது, தங்கை சுமதிக்கு ஆறு.

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். சுமதிக்கு மூன்று வயதில் இடது கண் மூக்குப் பக்கமாக ஒதுங்க ஆரம்பித்தது. வீட்டில் அதற்கு ‘யோகக்கண்’ என்று பெயர். “அது வந்தப்புறம்தான் உங்கப்பாவுக்கு வேலை நிரந்தரமாச்சு, யாரும் அதுல கை வைக்கக் கூடாது” என்பாள் அம்மா. லால்குடிப் பெரியப்பா வேறு மாதிரி சொல்வார்: “மாட்டுக்கு மாறுகண்ணுன்னா சந்தையில விலை போகாது, பொம்பளப் புள்ளைக்குன்னா மாப்பிள்ளை தேடி வருவான்.” அவர் தொழுவத்தில் இரண்டு விழியும் உள்ளே திரும்பிய கன்று ஒன்று பிறந்து, எதிரே இருந்த தொட்டியில் முட்டிக்கொண்டே நின்றது. ஒரே வாரத்தில் அதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்.

தெருவில் ‘ஒண்ணரைக்கண்ணு’. எனக்கு அது போதவில்லை. “ஒரு கண்ணு மலைக்கோட்டை, ஒரு கண்ணு ராஜகோபுரம், பஸ்ஸுல ரெண்டு டிக்கெட்டுடி உனக்கு!” என்று நான் கட்டிய வரியைச் சந்துப் பிள்ளைகள் பாட்டாக்கினார்கள், சுமதியும் கைதட்டிக் கூடவே பாடினாள்.

பிறகு ஒரு விளையாட்டு. அவளுடைய நல்ல கண்ணை நான் பின்னாலிருந்து பொத்திக்கொள்வேன், மற்றவர்கள் விரல் காட்ட வேண்டும்.

“எத்தனைடி?”

“மூணு.”

“இப்போ?”

“அஞ்சு.”

எதிரே யாரும் விரலே நீட்டியிருக்கவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தோம். கண்ணைப் பொத்தியபடியே மாடிப்படி இறங்கச் சொன்னபோது இரண்டாம் படியில் விழுந்து உதடு கிழிந்தது. “ஓடி விழுந்துட்டா” என்றேன் அம்மாவிடம். சுமதியும் தலையாட்டினாள்.

போன மாதம், ஐந்து வயதாகும் என் மகளுக்கும் ஒரு கண் உள்ளே ஒதுங்கியது. தசைக் கோளாறால், நரம்பு பழுதால், பிறவியிலேயே என்று பல வகை உண்டு, உள்ளே போவதும் வெளியே போவதும் மேலே ஏறுவதும் உண்டு என்றார் திருச்சியில் நாங்கள் பார்த்த டாக்டர். இவளுக்குக் கண்ணில் பவர் அதிகம். கூர்ந்து பார்க்கிற முயற்சியில் கண் உள்ளே இழுக்கிறது. இரண்டு கண்ணும் இரண்டு படம் அனுப்ப, மூளை ஒன்றை வேண்டாமென்று தள்ள, அந்தக் கண் மெல்லப் பார்க்க மறந்துவிடுகிறது. “கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினம் கொஞ்ச நேரம் மூடி வைங்க. இப்போ விட்டா அப்புறம் கஷ்டம்ங்க. வீட்லயே ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தா தெரிஞ்சிடும்.”

அந்தக் கோடையில் சுமதியின் கண்ணை நாங்கள் பொத்திப் பார்த்தோம். அந்த ஊரிலேயே எங்களுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

கல்யாணத்துக்கு முன் ஆபரேஷன் செய்து சுமதியின் கண்ணை நேராக்கினார்கள். இன்று படத்தில் பார்த்தால் எந்தக் கண் என்று சொல்ல முடியாது. மாறுகண் போய்விட்டது, அந்தக் கண்ணின் பார்வை அதற்கு முன்பே போயிருந்தது. டாக்டர் சொன்னதை நேற்று அவளிடம் போனில் சொன்னேன்.

“அந்தக் கண்ணுல ஒண்ணும் தெரியலைன்னு எனக்கு அப்பவே தெரியும்க்கா” என்றாள். “சொல்லியிருந்தா என்னை ஆட்டத்துல சேத்திருக்க மாட்டீங்க.”